ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால்…

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தந்தைக்கு 58 வயது. மறதி என்று எதுவும் இல்லை. பழைய வங்கிக் கணக்கு எண்களைக்கூட மனப்பாடமாகச் சொல்வார். ஆனால் இரண்டு ஆண்டுகளாக அவர் வேறு மனிதராகிவிட்டார். சென்ற மாதம் சித்தப்பா இறந்தபோது, உடலை எடுப்பதற்கு முன்பே, அடுப்பு மூட்டாத அந்த வீட்டில், பந்தி எப்போது என்று சத்தமாகக் கேட்டார். இறந்தது அவருடைய சொந்தத் தம்பி. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் பணம் அனுப்புகிறார். மனநல மருத்துவர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நார்மல் என்று வந்துவிட்டது. அதிலிருந்து வீட்டில் எல்லோரும் இதைத் திமிர் என்கிறார்கள். மூளையில் ஒன்றுமில்லை என்றால் இது வெறும் குணக்கேடுதானா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள வாசகிக்கு,

நான் மருத்துவன் அல்லன். ஒரு கடிதத்தைக் கொண்டு நோயை யாரும் சொல்லிவிடவும் முடியாது. ஆனால் ஸ்கேன் நார்மல், ஆகவே குணக்கேடு என்று உங்கள் வீட்டார் வந்தடைந்திருக்கும் முடிவு செல்லாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

மூளைத் தேய்வு மறதியில்தான் தொடங்கும் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. அல்சைமர் என்னும் மறதி நோய்க்குப் பெயர் தந்த ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், 1901இல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் கண்ட அந்நோயின் முதல் நோயாளியான ஆகஸ்தே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணிடம் வீட்டார் முதலில் கவனித்தது, கணவர்மீது திடீரென்று எழுந்த சந்தேகத்தையே. அதற்கும் முன்பு, 1892இல், பிராகாவில் ஆர்னால்ட் பிக் விவரித்த நோயாளிக்கு மூளையின் ஒரு பகுதி மட்டும் தனியாகச் சுருங்கியிருந்தது. அந்த வழியில் வந்த நோய்க் குடும்பத்துக்கு இன்று ஃப்ரான்டோடெம்போரல் டிமென்ஷியா என்று பெயர். நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மடலும் பொட்டுக்கு உட்புறமுள்ள மடலும் இதில் முதலில் பாதிக்கப்படுகின்றன. பெரும்பாலும் 45 வயதுக்கும் 65 வயதுக்கும் இடையில் தொடங்குவதால், வேலை நெருக்கடி என்றும், குடும்பத் தகராறு என்றும், மனச்சோர்வு என்றும் ஆண்டுக்கணக்கில் பெயர் மாறிக்கொண்டே போகிறது.

இதில் நடத்தை மாற்றமே முதலில் தெரியும் வகைக்கு 2011இல் வெளியான பன்னாட்டு வரையறை ஆறு அடையாளங்களைச் சொல்கிறது: கூச்சமும் கட்டுப்பாடும் விட்டுப்போவது, எதிலும் நாட்டமின்மை, பிறர் துயரம் உறைக்காமல் போவது, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது, உணவுப் பழக்கம் மாறுவது (குறிப்பாக இனிப்பின்மீது வெறி), நினைவாற்றல் ஓரளவு நன்றாக இருக்கும்போதே திட்டமிடும் திறன் குறைவது. இவற்றில் மூன்று இருந்தாலே இந்த நோயாக இருக்கலாம் என்று கருத இடமுண்டு. அந்த நிலைக்கு ஸ்கேன் தேவையே இல்லை என்பதைக் கவனியுங்கள். முன்மடலிலோ பொட்டுமடலின் முன்பகுதியிலோ சுருக்கம் தெரிந்தால் சந்தேகம் வலுப்படுகிறது. அவ்வளவுதான் படத்தின் பங்கு.

எம்.ஆர்.ஐ. காட்டுவது மூளையின் வடிவத்தை. செல்கள் பழுதாகி, அவற்றுக்கிடையேயான தொடர்புகள் அறுந்து, அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியும் சுருக்கமாக மாறக் காலம் பிடிக்கும் என்பதால், தொடக்க ஆண்டுகளில் படம் நார்மலாக இருப்பது அரிதன்று. பரிந்துரைச் சீட்டில் வெறும் தலைவலி என்றோ மனச்சோர்வு என்றோ எழுதியிருந்தால், படத்தைப் படிப்பவர் கட்டியோ இரத்தக்கசிவோ இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்று எழுதி அனுப்பிவிடக்கூடும். ஆகவே அறிக்கையோடு நின்றுவிடாமல் படத்தையே நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தேவையென்று அவர் கருதினால் பெட் ஸ்கேன் எழுதித் தருவார். அது மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு குளுக்கோஸை எடுத்துக்கொள்கிறது என்பதைக் காட்டுவது. சுருக்கம் தெரிவதற்கு முன்பே முன்மடலின் மந்தம் அதில் தெரிய வாய்ப்புண்டு. இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. இருமுனைக் கோளாறு போன்ற மனநோய்களும் இதே முகத்தோடு வரலாம். ஆண்டுகள் கடந்தும் படங்கள் மாறாமல், நிலைமையும் மோசமாகாமல் இருந்தால் வேறு காரணத்தைத்தான் தேட வேண்டும்.

மருத்துவரிடம் நீங்கள் தனியாகப் பேச வேண்டும். உங்கள் தந்தையைக் கேட்டால் எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார், அதைப் பொய் என்று எண்ண வேண்டாம். தன்னிடம் வந்த மாற்றத்தைத் தானே உணர முடியாமல் போவதும் இந்த நோயின் பகுதியே. பந்தி எப்போது என்று அவர் கேட்டது வீட்டாருக்கு மானக்கேடு, மருத்துவருக்கோ அது எந்த ஸ்கேனுக்கும் குறையாத சான்று. எப்போது தொடங்கியது, முன்பு இதே சூழலில் எப்படி நடந்துகொண்டிருப்பார் என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டு போங்கள்.

நோயை நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் இதில் பயன்படுவதில்லை. சிலரிடம் நடத்தையை மோசமாக்குவதும் உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் நடத்தையைக் கொஞ்சம் தணிக்கக்கூடும் என்பதால், இப்போது கொடுப்பதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பணத்தைப் பற்றி மட்டும் மருத்துவர் முடிவு சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். அவரது சம்மதத்தோடு கணக்கைக் கூட்டுக் கணக்காக்கி, பரிமாற்ற வரம்பைக் குறைத்து, வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகள் உங்கள் எண்ணுக்கும் வரும்படி இந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.