தொட்டிக்குள் இறங்கும் தொழில்: வாசகர் கேள்வி – பதில்

எண்ணெய் மற்றும் இரசாயனச் சேமிப்புத் தொட்டிகளைப் பரிசோதிக்கும் வேலையைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் சுத்திகரிப்பு ஆலையின் வெள்ளைத் தொட்டிகள் வரிசையாகத் தெரியும். இந்த வேலைக்கு வர விரும்புகிறேன். முதலில் ஏ.பி.ஐ. 653 தேர்வை எழுதிவிட வேண்டுமா?
— மாணவர், மணலி

ஏ.பி.ஐ. 653 என்பது, பயன்பாட்டில் இருக்கும் தொட்டிகளின் பரிசோதனைக்காக அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் (ஏ.பி.ஐ.) வகுத்த விதிமுறை. அதன்படி ஆய்வாளராகத் தகுதி பெறும் அந்தத் தேர்வு கடைசிப் படி. அதையே முதற்படியாக நினைத்துப் பயிற்சிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, எழுதுவதற்கான தகுதியே தமக்கில்லை என்று பிறகு அறிந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மாடியிலிருந்து தெரிவது ஷெல் எனப்படும் சுற்றுச்சுவர். அதன் தடிமனைத் தொட்டி நிறைய எண்ணெய் இருக்கும்போதே வெளியிலிருந்து மீயொலிக் கருவி கொண்டு அளந்துவிடலாம். ஆய்வாளரின் தூக்கத்தைக் கெடுப்பது, மாடியிலிருந்தும் தரையிலிருந்தும் தெரியாத அடித்தகடு. எண்ணெயோடு வரும் தண்ணீர் கனமானது என்பதால் அடியில் போய்த் தங்கி, உப்போடும் நுண்ணுயிர்களோடும் சேர்ந்து தகட்டை மேற்புறமாக அரிக்கிறது. தொட்டி உட்கார்ந்திருக்கும் மணல் மேடையில் ஏறும் ஈரம் அதே தகட்டைக் கீழ்ப்புறமாக அரிக்கிறது. தொட்டியைக் காலி செய்து, கழுவி, வாயு நீக்கி, உள்ளே இறங்கினாலொழிய இதைச் சரியாக அளக்க முடியாது. அதனால்தான் வெளிப்புறப் பரிசோதனைக்கு அதிகபட்சம் 5 ஆண்டு என்று வரம்பு வைத்த அந்த விதிமுறை, முதல் உட்புறப் பரிசோதனையைப் பொதுவாக 10 ஆண்டுக்குள் செய்யச் சொல்கிறது. அதன் பிறகு எத்தனை ஆண்டு விடலாம் என்பதை அளந்தறிந்த அரிப்பு வேகம் தீர்மானிக்கிறது.

அந்தக் கணக்கு எளிமையானது. இந்தத் தொழிலின் உயிர்நாடியும் அதுதான். 6 மில்லிமீட்டர் தடிமனில் போட்ட அடித்தகடு 10 ஆண்டுக்குப் பிறகு மிகவும் தேய்ந்த இடத்தில் 4.5 மில்லிமீட்டராக இருக்கிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு 0.15 மில்லிமீட்டர் போயிருக்கிறது. கசிவைக் கண்டறிந்து தடுக்கும் ஏற்பாடு தகட்டின் கீழே இல்லாத தொட்டியில், அடுத்த முறை திறக்கும் நாளில் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் மீந்திருக்க வேண்டும். ஆக, கையிருப்பு 2 மில்லிமீட்டர், அதை 0.15 ஆல் வகுத்தால் 13 ஆண்டுக்குச் சற்று மேல் வரும். வகுத்தலை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அந்த 4.5 என்பது உண்மையிலேயே மிகத் தேய்ந்த இடத்தின் அளவுதானா, அல்லது கருவியை வைக்க வசதியாக இருந்த இடத்தின் அளவா என்பதற்குப் பதில் சொல்ல முடிகிறவர்தான் ஆய்வாளர். இடம் மாறி அங்கே 3.5 இருந்திருந்தால், 13 ஆண்டு 4 ஆண்டாகச் சுருங்கியிருக்கும்.

ஆகவே முதலில் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். என்.டி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சிதைக்காச் சோதனைகளில் மீயொலி, சாய ஊடுருவல், காந்தத் துகள் ஆகிய மூன்றிலும் லெவல் 2 தகுதியை, அதாவது தனியாகச் சோதித்து முடிவு சொல்லும் தகுதியை, நோக்கிச் செல்லுங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய சிதைக்காச் சோதனைச் சங்கமும், திருச்சி பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இதற்கான பயிற்சிகளை நடத்துகின்றன. பிறகு ஒரு சோதனை ஒப்பந்த நிறுவனத்தில் உதவியாளராகச் சேருங்கள். ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தும் ஷட்டவுன் காலத்தில் இரவு பகல் பாராத வேலையும், மற்ற மாதங்களில் வெறுங்கையும், தொடக்கத்தில் குறைந்த சம்பளமும் இருக்கும். இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் தகட்டின் தேய்ந்த இடங்களைக் காட்டும் காந்தப்புலக் கசிவுக் கருவியைத் தகட்டின் மேல் தள்ளிக்கொண்டு போவதும், வெற்றிடப் பெட்டியை வெல்டிங் கோட்டின் மேல் வைத்துச் சோப்புக் குமிழி எழுகிறதா என்று முழங்காலிட்டுப் பார்ப்பதும் வேறெங்கும் கற்க முடியாதவை.

இரண்டு ஆண்டு டிப்ளமாவோ அதற்கு இணையான தொழில்நுட்பக் கல்வியோ உடையவர்கள், தொட்டி தொடர்பான வேலையில் 2 ஆண்டு அனுபவம் பெற்ற பின் ஏ.பி.ஐ. 653 தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். அதில் ஓராண்டாவது பரிசோதனைப் பணியாக இருக்க வேண்டும். மொத்தம் 170 கேள்விகள். அவற்றில் 110 கேள்விகளுக்கு விதிநூலைப் பார்க்காமலும், 60 கேள்விகளுக்குப் பார்த்தும் பதில் எழுத வேண்டும். 140 கேள்விகளுக்கே மதிப்பெண். மீதி 30 சோதனைக் கேள்விகள், எவை அவை என்று உங்களுக்குத் தெரியாது. சான்றிதழ் 3 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முன், ஏ.பி.ஐ.யின் மற்ற நூல்களில் புதிய தொட்டிக் கட்டுமானத்துக்கான 650, பரிசோதனை முறைகளுக்கான 575, சேத வகைகளுக்கான 571 ஆகியவற்றைப் படித்துவிடுங்கள். நம் நாட்டு எண்ணெய் நிறுவனங்களில் வேலை செய்ய, எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்தின் 129 ஆம் எண் தரவிதியும் தெரிந்திருக்க வேண்டும்.

653 எப்படிப் பிறந்தது என்பதையும் ஒருமுறை தேடிப் படியுங்கள். 1988 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஃப்ளோரெஃப் என்ற ஊரில் ஒரு டீசல் தொட்டி நிரப்பப்படும்போதே பிளந்து சரிந்தது. ஏறத்தாழ 38 லட்சம் காலன் டீசல் வெளியேறி, அதில் ஒரு பகுதி மொனங்கஹீலா ஆற்றில் கலந்தது. அது சுமார் 40 ஆண்டுப் பழைய தொட்டி. வேறோர் ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் பூட்டியிருந்தார்கள். முழு உயரத்துக்கு நீர் நிரப்பிச் சோதிக்கவில்லை. பழைய தகட்டில் இருந்த ஒரு குறையிலிருந்து கிளம்பிய விரிசல் குளிரில் நொடியில் ஓடியது. புதிய தொட்டிக்கு விதி இருந்தது, பழைய தொட்டிக்குத் தனி விதி இல்லை. 653 இன் முதல் பதிப்பு 1991 இல் வந்தது.

பி.இ. சிவில் முடித்திருக்கிறேன். இது மெக்கானிக்கல் படித்தவர்களுக்கான துறை என்கிறார்கள். பெண்கள் இதில் இருக்கிறார்களா?
— வாசகி, நாகப்பட்டினம்

பொறியியல் பட்டம் எந்தப் பிரிவில் இருந்தாலும் தேர்வுக்குத் தடையில்லை. பட்டதாரிக்குத் தேவையான அனுபவமும் ஓராண்டுதான். உண்மையில் சிவில் படித்தவருக்கு இங்கே ஒரு சாதகம் இருக்கிறது. ஏனென்றால் தொட்டி என்பது பாதி இரும்பு, பாதி மண். சுற்றுவட்டத்தில் குறைந்தது 8 இடங்களில், ஒன்றுக்கொன்று சுமார் 10 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் மட்டம் எடுத்து, தொட்டி எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். முழுவதும் சமமாக அமிழ்ந்தால் இணைந்திருக்கும் குழாய்களுக்குத்தான் தொல்லை. ஒரு பக்கம் சாய்ந்தால் கவலை. வட்டத்தின் ஓரிடத்தில் மட்டும் தாழ்ந்தால் ஷெல் நெளிந்து வட்டம் கெட்டு, எண்ணெய் மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதக்கும் கூரை நடுவழியில் சிக்கிக்கொள்ளும். மெக்கானிக்கல் படித்த பலர் இந்த மட்ட அட்டவணையைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். நீங்கள் அங்கேதான் நிற்க வேண்டும். 2020 மே மாதம் ரஷ்யாவின் நோரில்ஸ்கில் ஒரு தொட்டியிலிருந்து சுமார் 20,000 டன் டீசல் வெளியேறியதற்கு, அடியில் தாங்கி நின்ற தூண்கள் திடீரென அமிழ்ந்ததே காரணமாகச் சொல்லப்பட்டது.

பெண்கள் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. வரைபட அலுவலகத்திலும் அறிக்கைப் பிரிவிலும் இருப்பவர்களே அதிகம். தொட்டியின் சுழற்படி ஏறுவதிலோ 24 அங்குல மேன்ஹோலுக்குள் நுழைவதிலோ ஆண், பெண் வேறுபாடு ஒன்றுமில்லை. வேறுபாடு வேலைத்தளத்தின் கழிப்பறையிலும், இரவுப் பணிக்குப் பின் விடுதிக்குப் போகும் வண்டியிலும் இருக்கிறது. நேர்முகத் தேர்வில் இந்த இரண்டையும் தயங்காமல் கேளுங்கள். கேட்டதற்காகவே உங்களை விலக்கும் நிறுவனத்தில் சேராமல் போனதால் நட்டமில்லை.

பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன். சவூதியில் ஜுபைலில் ஒன்பது ஆண்டாகத் தொட்டிக் கட்டுமானத்தில் வெல்டராக இருக்கிறேன். எனக்கு வழி உண்டா?
— வாசகர், ஜுபைல்

உண்டு. பள்ளிக் கல்வி முடித்தவருக்கு 3 ஆண்டு அனுபவம் போதும். பள்ளி முடிக்காதவருக்குக்கூட 5 ஆண்டு என்று கதவு திறந்திருக்கிறது. கட்டுமானமும் பழுதுபார்ப்பும் அனுபவக் கணக்கில் சேரும், ஆனால் அவை கடந்த 10 ஆண்டுக்குள் செய்தவையாக இருக்க வேண்டும். உங்களிடம் இல்லாதது நான் முதல் பதிலில் சொன்ன அந்த ஓராண்டுப் பரிசோதனைப் பணிதான். இப்போதிருக்கும் நிறுவனத்திலேயே வெல்டிங் பரிசோதகரின் கீழ் மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். பொருத்தியதன் நேர்த்தி, வெல்டிங்கின் உயரம், ஓரக் குழிவு ஆகியவற்றை அளவியால் அளந்து படிவத்தில் எழுதிப் பழகுங்கள். வெல்டிங் எங்கே ஏமாற்றும் என்பது ஒன்பது ஆண்டு டார்ச் பிடித்த கைக்குத் தெரியும்; அதை ஆங்கிலத்தில் நான்கு வாக்கியமாக எழுதத் தெரிவதுதான் இனி நீங்கள் உழைக்க வேண்டிய இடம். தேர்வும் அறிக்கையும் ஆங்கிலத்தில்தான்.

பதினைந்து நாள் பயிற்சியில் நான்கு வகைச் சிதைக்காச் சோதனைகளுக்கும் லெவல் 2 சான்றிதழும் வெளிநாட்டு வேலையும் உறுதி என்று ஒரு பயிற்சி மையம் சொல்கிறது. நம்பலாமா?
— வாசகர், விருதுநகர்

வேண்டாம். மீயொலிச் சோதனை ஒன்றுக்கே, நிறுவனங்கள் பெரும்பாலும் பின்பற்றும் அமெரிக்க வழிகாட்டுமுறையின்படி, லெவல் 2 வரை 80 மணி நேர வகுப்பும் அதற்கு மேல் நூற்றுக்கணக்கான மணி நேரக் கைவேலையும் வேண்டும். அதோடு அந்த முறையில் சான்றளிக்கும் பொறுப்பு உங்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்தைச் சேர்ந்தது. வேலை மாறினால் புதிய நிறுவனம் மறுபடியும் சான்றளிக்க வேண்டும். வகுப்புக்குக் கட்டணம் வாங்கட்டும். வேலைக்கும் சேர்த்துக் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் மகன் ஒரு சோதனை நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறான். டேங்குக்குள் இறங்குகிறேன் என்று போனில் சொன்ன நாளிலிருந்து எனக்கு உறக்கமில்லை. அவ்வளவு ஆபத்தானதா?
— ஒரு தாய், தூத்துக்குடி

அம்மா, ஆபத்து இருக்கிறது. அதைத் தடுக்கும் வழிகளும் தெளிவாக இருக்கின்றன. உங்கள் மகன் அவற்றை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

காலியான தொட்டி உண்மையில் காலியாக இருப்பதில்லை. அடியில் படிந்த கசடைக் கிளறினால் ஆவி மறுபடியும் எழும். அதனால் காலையில் ஒருமுறை வாயுவை அளந்துவிட்டு மாலை வரை உள்ளே இருப்பது தவறு. இடையிடையே அளக்க வேண்டும், உணவு வேளைக்குப் பின் மீண்டும் நுழையுமுன் கட்டாயம் அளக்க வேண்டும். உள்ளே உயிர்வாயு 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். கந்தகம் மிகுந்த கச்சா எண்ணெய் இருந்த தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு வரும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு மிகுந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று யாராவது மகிழ்ந்தால் அதுவே வெளியே ஓட வேண்டிய வேளை. அத்தகைய தொட்டிகளின் சுவரில் படியும் இரும்பு சல்பைடு உலர்ந்ததும் காற்றுப் பட்டுத் தானாகவே கனலும் என்பதால் அதை ஈரமாகவே வைத்திருப்பார்கள். குழாய்களில் வால்வை மூடினால் மட்டும் போதாது, இடையில் அடைப்புத் தகடு செருகியிருக்க வேண்டும். உள்ளே கொண்டுபோகும் கைவிளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே அப்படித்தான் சொன்னது.

இத்தனைக்கும் மேலாக, மேன்ஹோலுக்கு வெளியே ஒருவர் நிற்க வேண்டும். ஸ்டாண்ட்பை என்று அவரைச் சொல்வார்கள். உள்ளே போனவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு, அவர்களோடு பேசிக்கொண்டே நிற்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. யாராவது மயங்கி விழுந்தால் அவர் உள்ளே ஓடக் கூடாது, ஆளைக் கூப்பிட வேண்டும். சுவாசக் கருவியில்லாமல் காப்பாற்றப் போய் இரண்டாவதாக விழுந்தவர்கள் இந்தத் தொழிலில் அதிகம்.

ஒருமுறை நான் உள்ளே அளந்துகொண்டிருந்தபோது இரண்டு முறை குரல் கொடுத்தும் வெளியிலிருந்து பதில் வரவில்லை. கருவியை அப்படியே தரையில் விட்டுவிட்டு வெளியே வந்தேன். அவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். மேற்பார்வையாளர் அரை நாள் வீணாகிவிட்டதென்று எல்லோர் முன்னிலும் கடிந்துகொண்டார். எனக்கு அப்போது 24 வயது, வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. வேலை போகவில்லை. மறுநாள் இரண்டு ஸ்டாண்ட்பை போட்டார்கள்.

அடுத்த முறை மகன் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு, இன்று மேன்ஹோலில் நின்றவர் பெயர் என்ன என்றும் கேளுங்கள். பெயர் உடனே வந்தால் நிம்மதியாகப் படுங்கள். யோசித்துச் சொன்னால், நான் மேலே எழுதியதை மகனுக்குப் படித்துக் காட்டுங்கள்.