பிள்ளையைப் பக்கத்துல போட்டுப் படுக்கலாமா?

வணக்கம் அக்கா, நான் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். மகளுக்கு ரெண்டரை மாசம், பிறக்கேக்க 2.2 கிலோதான். மாமி சொல்லுறா, பச்சைப்பிள்ளையை ஆராவது தனியப் போடுவினமா, தன்ர பிள்ளையள் எல்லாத்தையும் பாயில அணைச்சுப் படுத்துத்தான் வளர்த்தனான் எண்டு. கனடாவில இருக்கிற மச்சாள் வாட்ஸ்அப்பில கத்துறா, ஒரே கட்டில்ல போட்டா மூச்சு முட்டிப்போகும், தொட்டில் வாங்கு எண்டு. இவர் சிகரெட் பத்துறவர், சனிக்கிழமையில குடிப்பார், அந்தப் பயத்துல ராவில பால் குடுக்க ஹோலுக்கு வந்து செட்டியில இருக்கிறன், அப்பிடியே கண் அயர்ந்துபோகும், திடுக்கிட்டு எழும்பி மூச்சு வருதா எண்டு மூக்கில கை வச்சுப் பாப்பன். பிள்ளை நல்லா நித்திரை கொண்டாலும் எனக்கு நித்திரை வருதில்ல, சும்மா அழுகை வருது. ஏணையில போட்டா பரவாயில்லையா?

பதில்

தங்கச்சி, முதல்ல அந்த செட்டியை விடுங்கோ. கட்டிலுக்குப் பயந்து நீங்க போய் இருக்கிற இடம்தான் கட்டிலைவிட ஆபத்து, நீங்க அயர்ந்த நேரம் பிள்ளை குஷனுக்கும் உங்கட கைக்கும் நடுவில சரிஞ்சு முகம் புதைஞ்சா அதால தலையைத் திருப்ப ஏலாது. நித்திரை தூங்கும்போல இருந்தா தலகாணி, போர்வை எல்லாத்தையும் தள்ளிவச்சிட்டுப் படுத்துக்கொண்டே பால் குடுங்கோ, முழிப்பு வந்தோன்ன பிள்ளையை அதின்ர இடத்துல போடுங்கோ.

மாமி சொல்லுறது பொய் இல்ல. பக்கத்துல படுத்தா பால் குடுக்க லேசு, தாய்ப்பாலும் கனநாள் நிக்கும், ஜேம்ஸ் மெக்கென்னா எண்ட அமெரிக்க மானிடவியல் பேராசிரியர் வருஷக்கணக்கா இதைத்தான் ஆராய்ஞ்சவர். அவவின்ர காலத்துப் பாயும் இப்பத்த மெதுமெத்தையும் ஒண்டில்லத்தானே. மச்சாளும் சும்மா பயப்படுத்தேல்ல, ஒரே அறை, ஆனா வேற படுக்கை, குறைஞ்சது முதல் 6 மாசம் எண்டுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2022ல சொல்லியிருக்கு. நித்திரையில வாற திடீர் மரணம் கூடுதலா நடக்கிறது 2 மாசத்துக்கும் 4 மாசத்துக்கும் இடையில.

உங்கட வீட்டில மச்சாள் பக்கம்தான் நான். பிறந்த நிறை 2.5 கிலோவுக்குக் குறைவு, தகப்பன் சிகரெட், அதோட குடி. வெளியில நிண்டு பத்தினாலும் ஒரே படுக்கையில அந்த ஆபத்து இருக்கு. குடிச்ச ராவில ஹோலுக்குப் போகவேண்டியது அவர், நீங்களில்ல, இதை அவரிட்ட நேரவே சொல்லுங்கோ. நீங்க நிலத்துல படுங்கோ, கை எட்டுற தூரத்துல பிள்ளைக்குத் தனியா மட்டமான, அமுங்காத விரிப்பு, நிமிர்த்திப் போடுங்கோ, தலை வட்டமா வரட்டும் எண்டு வைக்கிற குட்டித் தலகாணியும் வேண்டாம். நுளம்பு வலையை ரெண்டுபேருக்கும் சேத்துக் கட்டலாம். தொட்டிலுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்ல.

ஏணை ராவுக்கு வேண்டாம். துணி குழியும்போது நாடி நெஞ்சில முட்டி மூச்சு அடைபடலாம்.

எனக்குக் கூடக் கவலை உங்களைப் பற்றித்தான். பிள்ளை தூங்கியும் தாய்க்கு நித்திரை வராம அழுகை வந்தா அது பிள்ளைப்பேறுக்குப் பிறகு வாற மனச்சோர்வாவோ பதட்டமாவோ இருக்கலாம், வைத்தியம் இருக்கிற விஷயம். மிட்வைஃப் மிஸ்ஸிட்ட நிறையை மட்டும் கேட்டுட்டு வராம இதையும் சொல்லுங்கோ. பின்னேரம் பால் குடுத்திட்டுப் பிள்ளையை மாமியிட்ட குடுத்திட்டுப் படுங்கோ, அவ சந்தோசமா வாங்குவா. உங்களுக்கோ பிள்ளைக்கோ ஏதும் செய்துபோடுவனோ எண்ட நினைப்பு வந்தா கிளினிக் நாள் வரட்டும் எண்டு இருக்காதீங்கோ, உடன மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுங்கோ, இல்லாட்டி ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.