ஆய்வுகள் முரண்படும்போது எதை நம்புவது?

கேள்வி: நாங்கள் கிராமங்களில் பணிபுரியும் சிறிய தொண்டு நிறுவனத்தினர். குடிநீரில் குளோரின் கலப்பது, கழிப்பறைகள் கட்டுவது ஆகிய இரண்டையும் சேர்த்து ஒரு திட்டம் தீட்டி நிதி கோரியிருக்கிறோம். நிதி வழங்குவோர் ஆய்வு ஆதாரம் கேட்கிறார்கள். குளோரின் கலந்த நீர் குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பெருமளவு குறைத்தது என்கிறது ஒரு கட்டுரை. எந்தப் பயனும் தெரியவில்லை என்கிறது இன்னொன்று. இரண்டும் மதிப்புள்ள ஆய்விதழ்களில் வந்தவை. புள்ளியியல் படிக்காத எங்களைப் போன்றோர் எதை ஏற்றுக்கொள்வது?

பதில்: நீங்கள் படித்த இரண்டு கட்டுரைகளும் ஒரே கேள்விக்கு விடை சொல்லவில்லை என்பதே பெரும்பாலும் உண்மையாக இருக்கும். குளோரின் பயன் தருமா என்பது ஒரே கேள்வியைப் போலத் தோன்றினாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. குளோரின் நோய்க்கிருமிகளைக் கொல்லுமா? குளோரின் வில்லைகளைப் பெற்ற குடும்பங்கள் அவற்றை நாள்தோறும் பயன்படுத்துமா? அந்த ஊர்க் குழந்தைகளுக்கு நோய் குடிநீர் வழியாகத்தான் வருகிறதா? முதல் கேள்வியில் அதிக ஐயம் இல்லை. கிரிப்டோஸ்போரிடியம் போன்ற சில ஒட்டுண்ணிகள் குளோரினுக்கு அசைந்துகொடுப்பதில்லை என்பதைத் தவிர, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்களை அது அழித்துவிடும். மற்ற இரண்டின் விடையும் ஊருக்கு ஊர் மாறும். ஆகவே ஒரு கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். ஆய்வு முறையை விளக்கும் பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே கணிதம் குறைவு, உங்களைப் போன்ற களப்பணியாளர்களுக்கு எளிதில் புரியும் செய்திகளே அதிகம்.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது, நோய் எப்படி அளக்கப்பட்டது என்பது. பெரும்பாலான ஆய்வுகளில், கடந்த ஏழு நாட்களில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்ததா என்று தாயிடம் கேட்டுப் பதிவு செய்கிறார்கள். இலவசமாக வில்லை கொடுத்துவிட்டுப் போனவர்களே திரும்பி வந்து கேட்கும்போது, இல்லை என்று சொல்லத் தோன்றுவது மனித இயல்பு; அது பொய்யும் ஆகாது, மரியாதை. இந்தச் சாய்வை நீக்குவதற்காகச் சில ஆய்வாளர்கள் ஒரு பகுதி வீடுகளுக்குக் குளோரின் வில்லையையும், மற்ற வீடுகளுக்குத் தோற்றத்தில் அதைப் போன்றே இருக்கும், குளோரின் இல்லாத வில்லையையும் கொடுத்து, எது யாருக்குப் போனது என்பதை வீட்டாருக்கும், வந்து கேட்பவர்களுக்கும் தெரியாமல் வைத்தார்கள். 2013இல் வெளியான ஒடிசா ஆய்வு இத்தகையது. அதில் இரு பிரிவினருக்கும் இடையே வயிற்றுப்போக்கில் வேறுபாடு தெரியவில்லை. நீங்கள் குறிப்பிடும் இரண்டாவது கட்டுரை இந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும். ஆனால் இங்கேயும் அவசரப்படக்கூடாது. அதே ஆய்வில் குளோரின் வில்லை பெற்ற வீடுகளின் நீரைச் சோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில்தான் குளோரின் எச்சம் இருந்தது. அப்படியானால் அந்த ஆய்வு சொல்வது குளோரின் வீண் என்பதையா, கொடுத்த விதத்தில் மக்கள் அதை ஏற்கவில்லை என்பதையா? இந்த இரண்டையும் பிரித்தறியாமல் அதை மேற்கோள் காட்டுவது, எந்தப் பக்கத்தினர் காட்டினாலும், தவறு.

அடுத்ததாக, பயன் தெரியவில்லை என்பதையும் பயன் இல்லை என்று தெரிந்தது என்பதையும் வேறுபடுத்திப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் நிதி விண்ணப்பங்களில் மிகுதியாகக் குழப்பிக்கொள்ளப்படுவது இதுதான். முடிவுகளைத் தரும் அட்டவணையில் ஒவ்வோர் எண்ணுக்கும் அருகே ஒரு கீழெல்லையும் மேலெல்லையும் கொடுத்திருப்பார்கள். நோய் 30 விழுக்காடு குறைந்திருக்கலாம், 10 விழுக்காடு கூடியும் இருக்கலாம் என்று அந்த எல்லைகள் விரிந்து கிடந்தால், அந்த ஆய்வு எதையும் மறுக்கவில்லை. ஒன்றைக் கண்டறியும் அளவுக்கு அது பெரியதாக இல்லை, அவ்வளவே. எல்லைகள் சுழியத்தின் இரு பக்கமும் நெருங்கி நின்றால்தான் உண்மையிலேயே பயன் இல்லை என்று கொள்ள இடமுண்டு. இதனால்தான் தனித்தனி ஆய்வுகளைவிட, பல ஆய்வுகளை முறைப்படி ஒன்றுதிரட்டும் தொகுப்பாய்வுகளுக்கு அதிக மதிப்பு. குழந்தை இறப்பு அரிதாக நிகழ்வது என்பதால் பெரும்பாலான தனி ஆய்வுகளில் அதில் தெளிவான வேறுபாடு தெரிவதில்லை. ஆனால் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் மைக்கேல் கிரெமரும் அவருடைய குழுவினரும் நீர்ச் சுத்திகரிப்பு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஐந்து வயதுக்குட்பட்டோரின் இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ கால் பங்கு குறைவதாகக் கண்டார்கள். இறப்பு என்பது மரியாதைக்காக மறைத்துச் சொல்லக்கூடிய செய்தி அன்று. ஆகையால் முன்பு சொன்ன சாய்வு இதில் மிகக் குறைவு. உங்கள் குளோரின் பகுதிக்கு நான் முன்வைக்கும் முதல் ஆதாரம் இதுவாகவே இருக்கும்.

கழிப்பறைப் பகுதிக்கு இவ்வளவு உறுதியாகச் சொல்ல என்னால் இயலாது. ஒடிசாவில் 100 கிராமங்களில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், திட்டம் நடந்த ஊர்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 விழுக்காட்டிலிருந்து 63 விழுக்காடாக உயர்ந்தன. திட்டம் இல்லாத ஊர்களில் 8 விழுக்காடு 12 ஆனது. கட்டுமானத்தை அளவுகோலாக வைத்தால் இது பெரிய வெற்றி. குழந்தைகளின் வயிற்றுப்போக்கோ குறையவில்லை. கட்டிய கழிப்பறைகள் எல்லாம் முழுமையாகச் செயல்படவில்லை. செயல்பட்டவற்றையும் வீட்டிலுள்ள அனைவரும் எப்போதும் பயன்படுத்தவில்லை. ஊரில் ஒரு பகுதியினர் திறந்தவெளிக்குச் சென்றுகொண்டிருக்கும்வரை மலம் சூழலில் கலப்பது நிற்பதுமில்லை. உங்கள் விண்ணப்பத்தில் எத்தனை கழிப்பறைகள் கட்டுவீர்கள் என்ற எண்ணிக்கை மட்டும் இருந்தால், நிதி வழங்குவோர் இந்த ஆய்வைக் காட்டியே மறுக்கலாம். வீட்டில் யார் யார் பயன்படுத்துகிறார்கள், குழி நிறைந்தால் யார் எப்படி அகற்றுவார்கள் என்பவற்றுக்கும் அதில் விடை இருக்க வேண்டும்.

ஓரிடத்தில் பலித்தது இன்னோரிடத்தில் பலிக்குமா என்பதற்கு, ஒரே திட்டத்தை இரு நாடுகளில் நடத்திப் பார்த்த ஆய்வு நல்ல பாடம். நீர், கழிப்பறை, கைகழுவுதல், ஊட்டச்சத்து ஆகியவற்றைத் தனித்தனியாகவும் சேர்த்தும் வங்கதேசத்திலும் கென்யாவிலும் சோதித்த அந்த ஆய்வுகளின் முடிவுகள் 2018இல் வெளிவந்தன. வங்கதேசத்தில், எதுவும் வழங்கப்படாத குழந்தைகளில் 5.7 விழுக்காட்டினருக்கு வயிற்றுப்போக்கு இருக்க, நீர், கழிப்பறை, கைகழுவுதல் மூன்றையும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 3.9 விழுக்காடாக இருந்தது. கென்யாவில் ஏறத்தாழ 27 விழுக்காடு என்ற உயர்ந்த அளவில் நோய் இருந்தும் அது குறையவே இல்லை. வங்கதேசத்தில் ஊக்குநர்கள் வீடுகளுக்கு மிக அடிக்கடி சென்றார்கள், கென்யாவில் அவ்வளவு அடிக்கடி செல்லவில்லை. பயன்பாட்டு அளவும் அதற்கேற்ப வேறுபட்டது. வேறு காரணங்களும் இருக்கலாம். ஆயினும் சிறிய நிறுவனம் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இங்கே தெளிவாகிறது: அந்த ஆய்வில் ஒரு வீட்டுக்கு மாதத்தில் எத்தனை முறை சென்றார்கள், நம்மிடம் உள்ள பணியாளர்களைக் கொண்டு அதில் எவ்வளவு முடியும்? கட்டுரையில் உள்ள பயனைத் தூக்கி விண்ணப்பத்தில் வைத்துவிட்டு, அதற்குக் காரணமான உழைப்பை விட்டுவிடுவது மிகப் பரவலான குறை.

எவ்வளவு காலம் பின்தொடர்ந்தார்கள் என்பதையும் பாருங்கள். புகை குறைந்த அடுப்புகளைப் பற்றி ஒடிசாவில் ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் நான்கு ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து நடத்திய ஆய்வில், முதல் ஆண்டில் சமைப்பவர்கள் உள்ளிழுக்கும் புகை குறைந்தது. அதன் பிறகு அடுப்புகள் பராமரிப்பின்றிப் பழுதாகிப் பயன்பாடும் குறைந்ததால், அந்தப் பலன் மறைந்துபோனது. ஓராண்டோடு நிறுத்தியிருந்தால் அது வெற்றிக்கதையாகவே அச்சேறியிருக்கும். பருவமும் இடமும் இதே வகையைச் சேர்ந்தவை. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர்கள் தார்ச்சாலையை ஒட்டிய ஊர்களுக்கும், போக்குவரத்து எளிதான வறண்ட மாதங்களிலும் செல்கிறார்கள், நோயும் பசியும் கூடும் மழைக்காலத்தையும் உள்ளொதுங்கிய குடியிருப்புகளையும் தவறவிடுகிறார்கள் என்று ஊரக வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் 1980களிலேயே எழுதினார். இன்றும் அந்தக் குறை முற்றிலும் நீங்கிவிடவில்லை.

அளக்கப்படாதது எது என்பதையும் கேட்க வேண்டும். நுண்ணுயிர் கலந்த குளத்து நீருக்கு மாற்றாக, வங்கதேசத்தில் 1970களிலிருந்து குழாய்க் கிணறுகள் பெருமளவில் ஊக்குவிக்கப்பட்டன. நுண்ணுயிரைப் பொறுத்தவரை அது சரியான தீர்வே. நிலத்தடிப் படிவுகளில் இயற்கையாக இருந்த ஆர்சனிக் என்ற நச்சுப்பொருளை யாரும் சோதிக்கவில்லை. அங்கே கிணற்று நீரில் அது உறுதிசெய்யப்பட்டது 1993இல்தான். 2001இல் வெளியான நாடளாவிய ஆய்வில், ஆழம் குறைந்த குழாய்க் கிணறுகளில் 27 விழுக்காடு, லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அந்நாட்டு வரம்பையே தாண்டியிருந்தன. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவோ 10 மைக்ரோகிராம். உங்கள் திட்டத்திற்கு இதன் பொருள் நேரடியானது: குளோரின் ஆர்சனிக்கையோ ஃபுளூரைடையோ நீக்காது. நீர் ஆதாரத்தின் வேதிச் சோதனை அறிக்கை கையில் இல்லாமல் பாதுகாப்பான குடிநீர் என்ற சொல்லை விண்ணப்பத்தில் எழுதாதீர்கள்.

தேடும் இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காக்ரேன், கேம்ப்பெல் ஆகிய அமைப்புகளின் தொகுப்பாய்வுகளிலிருந்து தொடங்குங்கள். நீரின் தரமும் வயிற்றுப்போக்கும் குறித்த காக்ரேன் தொகுப்பாய்வு 2015இல் புதுப்பிக்கப்பட்டது. வளரும் நாடுகளின் திட்ட மதிப்பீடுகளைத் திரட்டி வைத்திருக்கும் திரிபிள் ஐஇ என்ற அமைப்பின் தரவுத்தளம் இலவசமானது. கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கும் கட்டுரைகளுக்கு ரிசர்ச்ஃபோர்லைஃப் திட்டம் தகுதியுள்ள நாடுகளின் நிறுவனங்களுக்கு அணுகல் தருகிறது. அது கிடைக்காவிட்டால் கட்டுரையாளருக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள், பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள். ஆய்வு தொடங்குமுன் பதிவு செய்யப்பட்டதா, யார் நிதி கொடுத்தார்கள், ஒப்பீட்டு ஊர்கள் இருந்தனவா என்ற மூன்றையும் பார்த்தாலே பல கட்டுரைகளை ஒதுக்கிவிடலாம்.

எண்களைத் தராத ஆய்வுகளையும் ஒதுக்க வேண்டாம். மக்களோடு தங்கி உரையாடி எழுதப்பட்ட ஆய்வுகள், குளோரின் வாடை ஏன் வெறுக்கப்படுகிறது, கழிப்பறைக் குழியை அள்ளும் வேலையைச் சாதி எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பவற்றைச் சொல்லும். பயன் எவ்வளவு என்று கேட்கும்போது அவை உதவா. ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்கும்போது வேறெதுவும் அவ்வளவு உதவாது.

விண்ணப்பத்தில், ஆய்வுகள் நிரூபித்துவிட்டன என்று எழுதுவதைவிட, உங்கள் காரணச் சங்கிலியை வரிசையாக எழுதி, எந்தக் கண்ணிக்கு வெளி ஆதாரம் இருக்கிறது, எதை நீங்களே சரிபார்க்கப் போகிறீர்கள் என்று காட்டுங்கள். தொடங்குமுன் நீர் ஆதாரத்திலும் வீட்டுக் குடங்களிலும் தனித்தனியாக மாதிரி எடுத்துச் சோதியுங்கள். ஆதாரத்தில் தூய்மையாக இருக்கும் நீர் குடத்துக்கு வருவதற்குள் மாசுபடுவது மிகச் சாதாரணம், அப்படியானால் குளோரினைக் கலக்க வேண்டிய இடமே மாறுகிறது. திட்டம் தொடங்கிய பின், பயன்படுத்துகிறீர்களா என்று கேட்பதற்குப் பதிலாக, முன்னறிவிப்பின்றிச் சென்று எச்சக் குளோரினை அளந்து பாருங்கள், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். ஆனால் இப்படித் திடீரென்று வரப்போகிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே குடும்பங்களிடம் சொல்லி ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். மறுக்கும் வீட்டுக்கும் வில்லை கிடைக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். சோதனை முடிவுகளை நிதி வழங்குவோருக்கு அனுப்பும் அதே வாரத்தில் அந்தக் குடும்பங்களிடமும் சொல்வதற்கான செலவையும் பட்டியலில் சேருங்கள். பெரும்பாலான விண்ணப்பங்களில் விடுபடும் வரி அது.