பூனையின் கால் கட்டைபோல் விறைத்திருந்தால்

கேள்வி: இரண்டு வாரத்துக்கு முன் சண்டையில் எங்கள் பூனைக்கு முன்னங்காலில் கடி பட்டது. புண் ஆறிவிட்டது. ஆனால் இப்போது அந்தக் காலை மடக்காமல் நீட்டியபடியே நடக்கிறான். நன்றாகத்தான் சாப்பிடுகிறான். எலும்பு முறிவா? எண்ணெய் தேய்த்து உருவலாமா?

பதில்: உருவவே வேண்டாம். எலும்பு முறிந்தால் காலை ஊன்றாமல் தூக்கிக்கொள்வான். நரம்பு அடிபட்டால் கால் துவண்டு தொங்கும். மடக்க முயன்றாலும் மடங்காமல் கட்டைபோல் விறைத்திருந்தால், நான் முதலில் சந்தேகிப்பது டெட்டனஸை, அதாவது இரணஜன்னியை.

பூனையின் உடல் டெட்டனஸ் கிருமி உண்டாக்கும் நஞ்சை மனிதரையும் குதிரையையும் விடப் பல மடங்கு தாங்கும். அதனால் இது அபூர்வம். வந்தாலும் பெரும்பாலும் புண்பட்ட காலோடு நின்றுவிடும். கடிபட்ட இடம் மேலே மூடிக்கொண்டு, உள்ளே காற்றுப் புகாத ஆழம் இருந்தால், மண்ணிலிருந்து வந்த கிருமி பெருக அது போதும். கிருமி அங்கேயே இருக்கும். அதன் நஞ்சுதான் நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறி, தசையைத் தளரவிடும் சமிக்ஞையை அடைக்கிறது. அறிகுறி தெரிய மூன்று வாரம்கூட ஆகலாம். புண் ஆறிய பிறகு வருவதால்தான் பலர் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை.

இதை உறுதி செய்ய எளிய ரத்தப் பரிசோதனை இல்லை. பழைய கடியைப் பற்றிக் கால்நடை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுத்து முறிவு இல்லை என்று பார்ப்பார். புண்ணைத் திறந்து சுத்தம் செய்து, மெட்ரோனிடசோல் போன்ற ஆன்டிபயாடிக்கும் தசை இறுக்கம் தணிக்கும் மருந்தும் தருவார். நஞ்சுமுறி ஊசி, நரம்பில் இன்னும் ஒட்டாத நஞ்சை மட்டுமே முறிக்கும். ஒவ்வாமை ஆபத்தும் உண்டு. அது தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் பூனையின் உயிரைப் பறிக்கும். பதற்றத்துக்கும் தசை இறுக்கத்துக்கும் மனிதருக்குத் தரும் டயசபாம் மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்தால் சில பூனைகளுக்கு ஈரல் கெட்டுவிடும்.

சத்தமில்லாத, மங்கலான அறையில் மெத்தென்ற துணி விரித்து விடுங்கள். காதுகள் விறைத்து நெருங்கி நிற்பது, நெற்றி சுருங்குவது, வாய் திறக்க முடியாமல் போவது, சின்னச் சத்தத்துக்கே உடல் வெட்டி இழுப்பது, இதில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அப்போது வாயில் பால் ஊற்றவும் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

காலோடு நின்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வான். கால் பழையபடி மடங்க வாரங்கள் ஆகும், சில பூனைகளுக்கு மாதக்கணக்கில்கூட. இது உங்களுக்குத் தொற்றாது. ஆனால் தூக்கும்போது கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, டெட்டனஸ், ரேபீஸ் ஊசிகளுக்காக அன்றே உங்கள் டாக்டரையும் பாருங்கள்.