வாங்காமல் விட்ட பணம் எங்கே போனது?

கேள்வி: இந்த வருடம் முழுக்க அவசியமில்லாத எதையும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். இரண்டு மாதம் நன்றாகவே போனது. மூன்றாவது மாதம் வேலையில் ஒரு மோசமான நாள், ராத்திரி படுத்துக்கொண்டே போனைப் பார்த்ததில் இரண்டு ஜோடி செருப்பு, ஒரு கைப்பை, ஒரு மேஜை விளக்கு என்று வாங்கித் தள்ளிவிட்டேன். எனக்கு மன உறுதியே இல்லையா? – ஒரு வாசகி

பதில்: இரண்டு மாதம் இருந்து காட்டியிருக்கிறீர்கள், உறுதி இல்லாதவரால் அது முடியாது. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு: மோசமான நாள், ராத்திரி, படுக்கை, கையில் போன். அந்த நேரத்தில் உங்களுக்கும் அந்தச் செருப்புக்கும் நடுவே ஒரு விரல் அசைவைத் தவிர வேறு தடையே இல்லை. அது தானாக அமைந்ததும் இல்லை. ஒரே கிளிக்கில் வாங்கும் முறைக்கு அமேசான் 1999-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்று, 2017-ல் காலாவதியாகும் வரை அதைக் கையில் வைத்திருந்தது. முகவரியையும் கார்டு எண்ணையும் நிரப்பும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில்தான் பலருக்கு ‘சரி, இப்போது வேண்டாம்’ என்று தோன்றும். அந்த நிமிடங்களைத்தான் எடுத்துவிட்டார்கள், நீங்கள் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தால் போதும்.

இன்றைக்கே எல்லாச் செயலிகளிலும் சேமித்து வைத்திருக்கும் கார்டு விவரங்களை அழித்துவிடுங்கள், சலுகை அறிவிப்புகளையும் நிறுத்திவிடுங்கள். அப்புறம் ஒரு சின்ன நோட்டு. ஆசைப்படும் பொருளின் பெயர், விலை, தேதி மூன்றையும் எழுதிவிட்டு 30 நாள் விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் வேண்டும் என்று தோன்றினால், பணமும் இருந்தால், தாராளமாக வாங்குங்கள். நான் பல வருடமாக இப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், பழைய பக்கங்களைப் புரட்டினால் பாதிக்கு மேற்பட்ட பொருட்களை எதற்காகக் கேட்டேன் என்பதே நினைவில் இல்லை.

இன்னொன்று, ‘அவசியமில்லாத எதையும்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் எல்லை எங்கே என்று உங்களுக்கே தெரியாது. தேய்ந்துபோன செருப்புக்குப் பதில் புதுசு வாங்கினால் விரதம் உடைந்ததாகுமா? மருந்து, பழுதுபார்ப்பு, தேய்ந்ததற்கு மாற்று, இவையெல்லாம் உண்டா இல்லையா என்று மனம் தெளிவாக இருக்கும் ஒரு காலை வேளையில் உட்கார்ந்து எழுதி வையுங்கள். களைத்துப்போன ராத்திரியில் அதை யோசித்து முடிவு செய்ய யாராலும் ஆகாது. முதலில் ஒரு வருடம் வேண்டாம், ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவற்றில் பிரிக்காதவை இருந்தால், திருப்பித் தரும் நாள் முடிந்துவிட்டதா என்று உடனே பாருங்கள்.

கேள்வி: பாதி விலைக்குக் கிடைக்கும்போது வாங்காமல் விட்டால் நஷ்டம்தானே? – ஒரு வாசகர்

பதில்: முழு விலைக்கு அதை வாங்கப் போய்க்கொண்டிருந்தீர்களா? ஆம் என்றால் லாபம். இல்லை என்றால் பாதி விலை செலவு, அவ்வளவுதான்.

நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள் என்று சொல்லவில்லை, மனித மனத்தின் அமைப்பே அப்படி. ஏமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமென் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-ல் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார்கள். 10 அல்லது 65-ல் மட்டுமே நிற்கும்படி செய்த ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10-ஐப் பார்த்தவர்களின் நடுத்தர மதிப்பீடு 25, 65-ஐப் பார்த்தவர்களுக்கு 45. சம்பந்தமே இல்லாத ஓர் எண் கூட மனத்தை இவ்வளவு தூரம் இழுக்கிறது என்றால், அடித்துக் காட்டியிருக்கும் பழைய விலை எவ்வளவு இழுக்கும்? அந்த எண்ணைக் கையால் மறைத்துவிட்டு, இப்போதைய விலைக்கு இது எனக்கு வேண்டுமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆறு மாதமாகத் துணி வாங்கவில்லை, புது போன் ஆசையையும் விட்டேன். ஆனால் வங்கிக் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை. எங்கே தவறு? – ஒரு வாசகி

பதில்: எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலையும். வாங்காமல் விட்டதைச் சேமிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அது இன்னும் சேமிப்பு ஆகவில்லை. செலவுக் கணக்கிலேயே கிடக்கும் பணம் பெயர் தெரியாத இருபது சின்னச் செலவுகளில் கரைந்துவிடும், ஒவ்வொன்றும் அற்பம் என்பதால் எதையும் சந்தேகிக்கவும் தோன்றாது. கார்டு என்றால் இன்னும் சுலபம். 2001-ல் வெளியான ஓர் ஆய்வில் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் கூடைப்பந்து ஆட்ட டிக்கெட்டுகளை ஏலம் விட்டபோது, கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ரொக்கமாகக் கட்ட வேண்டியவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்டார்கள்.

அதனால் ஒரு பொருளை வேண்டாம் என்று விட்ட அன்றைக்கே அதன் விலையை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள், கார்டு இணைக்காத கணக்காக இருக்கட்டும். கார்டில் கடன் பாக்கி இருந்தால் முதலில் அதற்கே கட்டுங்கள், அந்த வட்டியைத் தாண்டி வருமானம் தரும் சேமிப்புக் கணக்கு அநேகமாகக் கிடைக்காது. சம்பளம் வந்த நாளிலேயே ஒரு தொகையைத் தானாகப் பிடிக்கும்படி வைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: செலவைக் குறைத்ததிலிருந்து நண்பர்கள் ‘கஞ்சன்’ என்கிறார்கள். வலிக்கிறது. – ஒரு வாசகர்

பதில்: வலிக்கத்தான் செய்யும். எதற்காகச் சேர்க்கிறீர்கள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடனை அடைக்கவோ, படிக்கவோ, பிடிக்காத வேலையை விடவோ, எதுவானாலும் நெருக்கமான ஒருவரிடமாவது சொல்லுங்கள். அடுத்த முறை எல்லோரும் கடைக்குக் கிளம்பும்போது ‘இவனுக்கு வேண்டாம், விடு’ என்று உங்களுக்காக அவரே பேசுவார்.