கணினிப் பக்கம்: பரணிலிருந்து இறங்கிய மேகின்டாஷ் எல்சி

கேள்வி: என் தந்தை மும்பை ஃபோர்ட் பகுதியில் ஒரு விளம்பர நிறுவனத்தின் ஓவியப் பிரிவில் பணியாற்றியவர். அவர் ஓய்வு பெற்றபோது, அவர் பயன்படுத்திய கணினியை அலுவலகத்தாரே அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் காலமான பிறகு பரணிலேயே கிடந்த அதை இப்போது இறக்கியிருக்கிறோம். தட்டையான பெட்டி, உயரம் மூன்று அங்குலம்தான். முகப்பில் மேகின்டாஷ் எல்சி என்று இருக்கிறது. பழைய பொருள் வாங்கும் ரத்திவாலாவுக்குப் போட்டுவிடலாம் என்கிறார் என் அண்ணன். இது எந்தக் காலத்தைச் சேர்ந்தது? வைத்துக்கொள்ளத் தகுந்ததுதானா?
– வாசகி, மாட்டுங்கா

பதில்: தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். உங்களிடம் இருப்பது, ஆப்பிள் நிறுவனம் தன் வண்ணத்திரைக் கணினியை நடுத்தர வருமானக்காரருக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் எட்டச் செய்ய எடுத்த முதல் முயற்சியின் விளைவு. 1990 அக்டோபர் 15 அன்று அந்நிறுவனம் மூன்று கணினிகளை ஒன்றாக அறிமுகப்படுத்தியது. கறுப்பு வெள்ளைத் திரையோடு 999 டாலருக்கு வந்த மேகின்டாஷ் கிளாசிக் ஒன்று. சற்று மேல்தட்டினருக்கான மேகின்டாஷ் டூ எஸ்ஐ இன்னொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 2,400 டாலர் விலையில் நின்றது எல்சி. குறைந்த விலை, வண்ணம் என்பவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே அதன் பெயராயின.

அந்த விலை இன்று நமக்கு மலைப்பாகத் தோன்றும். ஆனால், வண்ணம் காட்டிய முதல் மேகின்டாஷான, 1987இல் வந்த மேகின்டாஷ் டூவை ஹார்டு டிஸ்க், மானிட்டர் சகிதம் வாங்க ஏறக்குறைய 5,500 டாலர் ஆயிற்று என்பதோடு வைத்துப் பார்த்தால்தான் எல்சியின் அருமை விளங்கும். 1990 மே மாதம் விண்டோஸ் 3.0 வெளிவந்து, விலை மலிந்த பிசிக்களிலேயே வண்ணத்திரையும் மவுஸும் கிடைக்கத் தொடங்கிவிட்ட நிலையில், அதிக லாபம் வைத்து விற்கும் பழைய வழக்கத்தை ஆப்பிள் தொடர முடியாமல் போயிற்று. அமெரிக்கப் பள்ளிகளில் அப்போதும், மேகின்டாஷுக்கு முந்தைய ஆப்பிள் டூ வகைக் கணினிகளே நிறைந்திருந்தன. அவற்றுக்கென வாங்கிய மென்பொருளை விட்டுவிடப் பள்ளிகள் தயங்கும் என்பதறிந்து, எல்சிக்குள் செருகினால் அதை ஆப்பிள் டூ ஈ ஆகவே நடக்கச் செய்யும் ஓர் அட்டையை 1991இல் வெளியிட்டார்கள். பழைய கணினி ஒன்றையே ஓர் அட்டைக்குள் அடக்கிவிட்ட அந்த வேலைப்பாட்டை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன்.

நம் நாட்டில் 1990 இறுதியில் ஒரு டாலர் ஏறக்குறைய 18 ரூபாய். அந்தக் கணக்கில் எல்சியின் அமெரிக்க விலையே 43,000 ரூபாயைத் தொடும். சுங்க வரி அதற்கு மேல். ஆகவே அங்கே தொடக்கநிலைக் கணினியாக விற்கப்பட்டது, இங்கே அலுவலகங்கள் மட்டுமே யோசித்து வாங்கக்கூடிய பொருளாக இருந்தது. உங்கள் தந்தையின் மேசைக்கு அது வந்ததே அவருடைய வேலையின் மதிப்பைக் காட்டுகிறது.

கேள்வி: எல்சியில் இருப்பதும் மேகின்டாஷ் டூவில் இருந்த அதே மோட்டோரோலா 68020 சில்லுதான், வேகமும் அதே 16 மெகாஹெர்ட்ஸ்தான் என்று படித்தேன். அப்படியிருக்க, மூன்றாண்டு மூத்த டூவைவிட எல்சி மெதுவானது என்கிறார்களே, அது எப்படி?
– மின்னணுவியல் மாணவர், செம்பூர்

பதில்: மிக நல்ல கேள்வி. மலிவுவிலைக் கணினி ஒன்றில் எதை எங்கே குறைத்தார்கள் என்று தேடிப் பார்ப்பதைப் போலக் கணினி அமைப்பைக் கற்றுத்தரும் பாடம் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. எல்சி அதற்கு மிகப் பொருத்தமான மாதிரி.

68020 சில்லு உள்ளுக்குள் 32 பிட் எண்களைக் கையாள்கிறது. மேகின்டாஷ் டூவில் அந்தச் சில்லுக்கும் நினைவகத்துக்கும் இடையே இருந்த தரவுப் பாதையும் 32 பிட் அகலம் கொண்டது. எல்சியில் அதை 16 பிட்டாகச் சுருக்கிவிட்டார்கள். நான்கு பேர் தோளோடு தோள் சேர்த்து நடக்கும் ரயில் நிலைய மேம்பாலம் இருவர் மட்டுமே இறங்கும் படிக்கட்டில் போய் முடிவது போன்ற நிலை இது: ஒரு 32 பிட் எண்ணை எடுக்கச் சில்லு இரண்டு முறை நினைவகத்துக்குப் போய்வர வேண்டும். சில்லுக்குள்ளேயே கட்டளைகளை வைத்துக்கொள்ள 256 பைட் அளவில் ஒரு சிறு தற்காலிக நினைவகம் இருப்பதால், சிறிய சுழற்சிகளில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. பெரிய படம் ஒன்றைத் திரையில் நகர்த்தும்போது நன்றாகவே தெரியும்.

இப்படிச் செய்ததில் மிச்சம் என்ன? 32 பிட் பாதைக்கு, தலா 8 பிட் அகலமுள்ள அக்காலத்து 30 முள் நினைவகப் பட்டைகளை நான்கு நான்காகச் செருக வேண்டும். 16 பிட் பாதைக்கு இரண்டு போதும். செருகுமிடங்கள் குறைந்தன, போர்டும் சிறுத்தது, அதனாலேயே பெட்டியும் இப்படித் தட்டையாயிற்று. போர்டிலேயே பற்றவைத்த 2 மெகாபைட்டும், தலா 4 மெகாபைட் உள்ள இரண்டு பட்டைகளும் சேர்ந்து 10 மெகாபைட் என்பதே இதன் உச்சவரம்பு. தசம எண் கணக்குகளை விரைவாகச் செய்யும் துணைச்சில்லுக்கு இதில் இடமே கிடையாது. நினைவக மேலாண்மைச் சில்லும் இல்லாததால், 1991 மே மாதம் வந்த சிஸ்டம் 7 என்ற மேகின்டாஷ் இயக்க மென்பொருள் தந்த மெய்நிகர் நினைவக வசதியை, அதாவது ஹார்டு டிஸ்க்கின் ஒரு பகுதியை நினைவகம்போலப் பயன்படுத்தும் வசதியை, எல்சி பயன்படுத்திக்கொள்ள முடியாது. 1992இல் வந்த எல்சி டூவில் 68030 சில்லை வைத்து இந்தக் கடைசிக் குறையை மட்டும் நீக்கினார்கள். குறுகிய பாதையையும் 10 மெகாபைட் வரம்பையும் அப்படியே விட்டுவிட்டார்கள். 1993இல் வந்த எல்சி த்ரீயில்தான் 32 பிட் பாதையும் 25 மெகாஹெர்ட்ஸ் வேகமும் வந்தன. என்னைக் கேட்டால், எல்சியாவது விலைக்காகச் செய்த சிக்கனம். எல்சி டூவில் அந்தப் பாதையை மறுபடியும் குறுக்கி வைத்ததற்கு நியாயம் சொல்ல முடியாது.

திரையிலும் இதே சிக்கனந்தான், ஆனால் அங்கே அழகாகச் செய்திருக்கிறார்கள். எல்சியோடு விற்பதற்கென்றே வந்த 12 அங்குல வண்ண மானிட்டரில் புள்ளிகள் 512க்கு 384. ஒரு புள்ளிக்கு ஒரு பைட் வீதம் 256 வண்ணங்கள் காட்ட 1,96,608 பைட்டுகள் வேண்டும்; எல்சியில் இருந்த 256 கிலோபைட் திரை நினைவகத்துக்குள், அதாவது 2,62,144 பைட்டுகளுக்குள், அது அடங்கிவிடுகிறது. வழக்கமான 640க்கு 480 அளவை எடுத்திருந்தால் 3,07,200 பைட்டுகள் தேவைப்பட்டிருக்கும். அப்போது 16 வண்ணங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். அந்த மானிட்டரின் அளவு எங்கிருந்து வந்தது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. திரை நினைவகத்தை 512 கிலோபைட்டாக உயர்த்தினால் 640க்கு 480 அளவிலும் 256 வண்ணங்கள் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டிலும் ஓர் எல்சி இருக்கிறது. பல ஆண்டுகளாக இயக்கவில்லை. மின்னிணைப்பு கொடுத்துப் பார்க்கலாமா?
– வாசகர், முலுண்ட்

பதில்: கொடுக்காதீர்கள், முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். பின்புறம் இரு ஓரங்களிலும் உள்ள தாழ்களை மேல்நோக்கித் தூக்கினால் மூடி கழன்றுவிடும். பூட்டுத் திருகு ஏதும் போட்டிருந்தால் மட்டும் அதை முதலில் கழற்ற வேண்டும்.

உள்ளே முதலில் தேட வேண்டியது, சுண்டுவிரல் நுனியளவுள்ள 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி. தேதியையும் சில அமைப்புகளையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். நாளான பேட்டரி வெடித்துக் கசிந்தால் சுற்றியுள்ள போர்டையே அரித்துத் தின்றுவிடும். நல்ல நிலையில் இருந்தாலும் அதைக் கழற்றி அப்புறப்படுத்துங்கள். அது இல்லாவிட்டாலும் எல்சி இயங்கும், தேதி மட்டும் பல பத்தாண்டுகள் பின்னால் போய்விடும்.

அடுத்தது கெபாசிட்டர்கள். மதர்போர்டின் மேற்பரப்பில் ஆங்காங்கே வெள்ளி நிறத்தில் சிறு டப்பிகள்போல நிற்பவை அவையே. அவற்றுக்குள் இருக்கும் மின்பகு திரவம் ஆண்டுகள் செல்லச் செல்ல அடிப்பகுதி வழியே கசியும். அக்காலத்து மேகின்டாஷ்கள் பலவற்றுக்கும் உள்ள பொதுவான நோய் இது. ஒரு லென்ஸை வைத்துப் பாருங்கள்: ஈயப் பற்று பளபளப்பாக இருக்க வேண்டிய இடத்தில் மங்கிச் சாம்பல் பூத்திருக்கும், அருகிலுள்ள செம்புத் தடங்கள் பச்சையேறியிருக்கும், போர்டைச் சூடாக்கினால் மீன் வாடைபோல ஒன்று கிளம்பும். கசிந்த திரவம் மின்சாரத்தைக் கடத்துவதோடு தடங்களையும் அரிக்கும். கடற்காற்றும் மழைக்கால ஈரமும் உள்ள நம் ஊரில் இதை ஒரு மழைக்காலம் தள்ளிப்போடுவதுகூட ஆபத்து. ஒலி மிகவும் தாழ்ந்து கேட்பது, தொடக்க மணியோசையே கேளாதது, திரை உயிர்பெறாதது ஆகியவை இதன் அறிகுறிகள்.

இதற்கு மருந்து உண்டு. மும்பை லேமிங்டன் ரோடு பகுதியில் போர்டு வேலை செய்யும் அனுபவமுள்ள தொழில்நுட்பரிடம் கொடுத்து, அந்தக் கெபாசிட்டர்களை எல்லாம் எடுத்துவிட்டு டாண்டலம் அல்லது செராமிக் வகையைப் பொருத்தச் சொல்லுங்கள்; போர்டு முழுவதையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவிய பிறகே புதியதை வைக்க வேண்டும். டாண்டலம் வகையைத் திசை மாற்றி வைத்தால் தீப்பற்றக்கூடும் என்பதை ஒருமுறை நினைவுபடுத்திவிடுவது நல்லது. மின்வழங்கிப் பெட்டிக்குள்ளும் இதே வகைக் கெபாசிட்டர்கள் உண்டு, அவையும் கசியும். அந்தப் பெட்டியை நீங்களாகத் திறக்க வேண்டாம். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அதன் மேலுள்ள சீட்டில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; 230 வோல்ட்டை அது ஏற்காது எனில் இடையே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் அவசியம்.

கேள்வி: பழைய ஆப்பிள் மானிட்டர் உடைந்துபோய்விட்டது. இன்றைய மானிட்டரை எல்சியில் மாட்ட முடியுமா?
– வாசகர், வாஷி

பதில்: முடியும். விஜிஏ இணைப்புள்ள மானிட்டராக இருக்க வேண்டும். எல்சியின் பின்புறம் உள்ளது இரண்டு வரிசைகளில் 15 துளைகள் கொண்ட இணைப்பு. விஜிஏவில் அவை மூன்று வரிசை. இரண்டையும் சேர்க்கும் அடாப்டரை வாங்கி, அதிலுள்ள சிறு சுவிட்சுகளை 640க்கு 480 என்ற அளவுக்கு வைத்தால் போதும்.

கேள்வி: என் கணவர் தொண்ணூறுகளில் டிடிபி, அதாவது கணினியில் அச்சுப் பக்கங்கள் அமைக்கும் தொழில் செய்தவர். அவர் எல்சியில் உருவாக்கிய தமிழ்ப் புத்தகப் பக்கங்கள் ஒரு பெட்டி நிறைய ஃப்ளாப்பிகளில் இருக்கின்றன. யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவில் சில திறக்கவே இல்லை. திறந்த சிலவற்றிலும் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வருகின்றன. மீட்க வழியுண்டா?
– வாசகி, டோம்பிவிலி

பதில்: உண்டு. முதலில் ஒவ்வொரு ஃப்ளாப்பியின் மூலையிலும் உள்ள சிறு தாழை நகர்த்தித் துளையைத் திறந்து வையுங்கள். அப்போது அதன் மேல் தவறியும் எதுவும் எழுதப்படாது. பிறகு ஃப்ளாப்பிகளை இரண்டாகப் பிரியுங்கள். இரு மூலைகளிலும் துளை உள்ளவை 1.44 மெகாபைட் வகை; ஒரே மூலையில் துளை உள்ளவை பெரும்பாலும் 800 கிலோபைட் வகை. முன்னதை யூஎஸ்பி டிரைவும் படிக்கும். பின்னதைப் பதியும்போது ஆப்பிளின் டிரைவ், வெளிவட்டத்துக்கு ஒரு வேகம், உள்வட்டத்துக்கு ஒரு வேகம் என மாற்றி மாற்றிச் சுழன்றது. ஒரே வேகத்தில் சுழலும் பிசி டிரைவ் அதைப் படிக்காததற்குக் காரணம் இதுவே. உங்கள் ஃப்ளாப்பி கெட்டுவிட்டது என்று இதை வைத்து முடிவுகட்டிவிடாதீர்கள். எல்சியின் டிரைவ் இரண்டு வகையையும் படிக்கும். ஆகவே கணினியைப் பழுதுபார்த்து வைத்திருப்பதுதான் உங்களுக்கு நேர்வழி. 40 அல்லது 80 மெகாபைட் அளவுள்ள அதன் ஹார்டு டிஸ்க் இதற்குள் இறந்திருக்கலாம். அதன் இடத்தில் ப்ளூஸ்கசி போன்ற ஒரு சிறு போர்டை வைத்து எஸ்டி கார்டையே ஹார்டு டிஸ்காகக் காட்டலாம். ஃப்ளாப்பிகளை அதில் பிரதியெடுத்து, கார்டை உருவி இன்றைய கணினிக்குக் கொண்டுவந்து, பேசிலிஸ்க் டூ போன்ற, பழைய மேகின்டாஷாகவே நடக்கும் எமுலேட்டர் மென்பொருளில் திறந்து பார்க்கலாம்.

தமிழ் தாறுமாறாக வருவதற்குக் காரணம் வேறு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண் வழங்கும் யூனிகோடின் முதல் பதிப்பு 1991 அக்டோபரில் தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டாலும், அச்சுத்தொழிலில் அது புழக்கத்துக்கு வர வெகுகாலம் ஆயிற்று. அதுவரை ஒவ்வொரு எழுத்துரு தயாரிப்பாளரும், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமது விருப்பப்படி தமிழ் வடிவங்களை அமர்த்திக்கொண்டார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில்தான் டாம், டாப் என்ற பொதுக் குறிமுறைகள் வகுக்கப்பட்டன. ஆகவே உங்கள் கணவரின் கோப்புகளில் தமிழ் பத்திரமாகவே இருக்கிறது; எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் எழுத்துருதான் உங்கள் இன்றைய கணினியில் இல்லை.

அந்த எழுத்துரு அவருடைய எல்சியின் ஹார்டு டிஸ்க்கிலேயே இருக்க வாய்ப்பு மிகுதி. சிஸ்டம் 7.1க்கு முந்தைய மேகின்டாஷில் எழுத்துருக்களுக்கெனத் தனிக் கோப்புறை கிடையாது; திரையில் காட்டும் வடிவங்கள் சிஸ்டம் என்ற பெயருள்ள கோப்புக்குள்ளேயே ஏற்றப்பட்டிருக்கும். ஆகவே பழைய ஹார்டு டிஸ்க் சுழல்கிறது என்றால், வேறு எதையும் எடுப்பதற்கு முன் சிஸ்டம் ஃபோல்டரை முழுமையாகப் பிரதியெடுத்துவிடுங்கள். எழுத்துருவின் பெயர் தெரிந்துவிட்டால், பழைய குறிமுறைகளை யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள்களில் அதற்குரியது இருக்கிறதா என்று தேடலாம். இல்லையென்றாலும், எழுத்துருவைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணுக்கு எழுத்தாக ஓர் அட்டவணை தயாரித்துவிட முடியும். ஒரு புத்தகம் முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்வதைவிட அது எவ்வளவோ எளிது.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். எல்சியின் ஃப்ளாப்பி டிரைவில் போட்ட மசகு இதற்குள் மெழுகாக இறுகியிருக்கும். ஃப்ளாப்பியை வெளித்தள்ளும் சிறு பிளாஸ்டிக் பற்சக்கரமும் தொட்டால் உதிரும் நிலையில் இருக்கக்கூடும். டிரைவைச் சுத்தம் செய்து, புது மசகு இட்டு, தேவையில்லாத ஒரு ஃப்ளாப்பியைப் பலமுறை உள்ளே விட்டு வெளியே எடுத்துப் பார்த்த பிறகே உங்கள் கணவரின் பெட்டியிலிருந்து முதல் ஃப்ளாப்பியை எடுங்கள்.