சாக்பீஸ் முதலில், கத்திரி பிறகு

அன்புள்ள ஐயா,

கடலூரில் ஜியாலஜி இரண்டாமாண்டு படிக்கிறேன். வகுப்பில் கம்ப்யூட்டரில் பாறைப் பிளாக்குகளை (பாறை அடுக்குகளைக் காட்டும் பெட்டி வடிவ முப்பரிமாணப் படங்களை) சுழற்றியும் வெட்டியும் காட்டுகிறார்கள். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. பரீட்சைத் தாளில் வந்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிவதில்லை. "பொம்பளைப் பிள்ளைக்கு மேப் ஏறாது" என்கிறார் மாமா. வேறு பாடத்துக்கு மாறிவிடலாமா? எந்த சாஃப்ட்வேர் நல்லது? இதில் வேலை கிடைக்குமா?

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

மாமா சொன்னதை முதலில் தூக்கிப் போடு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ரெனால்ட்ஸும் உடனிருந்தவர்களும் இதே மாதிரி சுழலும் பிளாக்குகளை வைத்துக் கல்லூரி மாணவர்களைச் சோதித்தார்கள். 2005-இல் முடிவு வெளிவந்தது. பயிற்சிக்கு முன் ஆண்கள் முந்தியிருந்த ஒரு சோதனையில், பயிற்சிக்குப் பின் இரு தரப்பும் சமம். பிறவிக் குறை அப்படிப் போய்விடுமா?

எனக்கு முத்தியால்பேட்டைச் சித்தி நினைவு வந்துவிட்டது. வீட்டிலேயே தையல். பட்டைக் கோடு போட்ட துணி வந்தால் உடனே வெட்ட மாட்டாள். நாலாக மடித்து, தையலில் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு சேரும் என்று பார்த்துச் சாக்பீஸால் குறிப்பாள். தட்டையான துணியில் தோள்பட்டையின் வளைவு அவளுக்குத் தெரியும். பழக வரும் பெண்கள் அவசரப்பட்டால், "கத்திரிய கீழ வை. மொதல்ல சாக்பீஸால போட்டுக் காட்டு" என்று அதட்டுவாள். மேப் ஏறாதாம்!

நீயும் கத்திரியைத்தான் முதலில் எடுக்கிறாய். பிளாக் வந்ததும் மவுஸைப் பிடித்துச் சுழற்றிவிடுகிறாய். மண்டை செய்ய வேண்டிய வேலையைத் திரை செய்துவிட்டது, அப்புறம் பரீட்சையில் எங்கிருந்து வரும்? இஸ்ரேலில் யேல் காலியும் நிர் ஓரியனும் 1996-இல் எழுதிய ஆய்வில், தடுமாறிய மாணவர்கள் பலர் வெளிப்பக்கத்தில் தெரிந்த கோடுகளை அப்படியே உள்வெட்டிலும் வரைந்து வைத்திருந்தார்கள். உன் விடைத்தாளை எடுத்துப் பார், நீயும் அதைத்தான் செய்திருப்பாய் என்று சந்தேகப்படுகிறேன்.

ஆகவே பென்சில். திரையைத் தொடாதே. ஒரு பள்ளத்தாக்கை ஒரு பாறை அடுக்கு குறுக்கே கடக்கிறது என்று வைத்துக்கொள். செங்குத்தாக நின்றால் மேப்பில் அது நேர்கோடு, மேடு பள்ளம் அதைத் தொடாது. கிடையாகப் படுத்திருந்தால் காண்டூரோடு, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோட்டோடு, கூடவே வளையும். ஓடை போகும் பக்கமே, ஓடையைவிடச் செங்குத்தாகச் சரிந்திருந்தால்? மேப்பில் அந்த அடுக்கின் கோடு V போல மடங்கும், அதன் கூர்முனை எந்தப் பக்கம்? வரை. வரைந்த பிறகு சுழற்று. தப்பாக வந்தால் அழிக்காதே. பக்கத்தில் சரியானதை வரைந்து, எங்கே விலகினாய் என்று பார். சும்மா பத்து பிளாக்கைச் சுழற்றிப் பார்ப்பதைவிட ஒன்றை இப்படி வரைவது மேல். சோம்பேறித்தனம் கூடாது, அம்மா.

உன் ஊரே நல்ல பிளாக்தான். கேப்பர் மலையில் நீ நிற்கிற கடலூர் மணற்கல் கடல் பக்கமாக லேசாகச் சரிந்து போகிறது. நெய்வேலியில் அதே மணற்கல்லைத் தோண்டித்தான் கீழே இருக்கும் பழுப்பு நிலக்கரியை எடுக்கிறார்கள். ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்துக் கிணற்றில் 1930-களில் முதலில் தலைகாட்டியதும் அந்த நிலக்கரிதான். அதற்கும் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும். நெய்வேலியிலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை வரை ஒரு குறுக்குவெட்டு, அதாவது நிலத்தைச் செங்குத்தாக வெட்டினால் பக்கவாட்டில் தெரியும் படம், போடு. கேப்பர் மலையில் காலடியில் இருந்த மணற்கல், கடற்கரை மணலுக்குக் கீழே எங்கே போயிற்று?

சாஃப்ட்வேர் எதுவானாலும் சரி, கல்லூரியில் இருப்பதே போதும். பாடத்தை மாற்றாதே. வேலை பற்றிக் கேட்டது பெரிய கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். அதற்குள் அந்தக் குறுக்குவெட்டை போட்டோ எடுத்து அனுப்பு. பென்சிலில், உன் கையால் போட்டதாக இருக்கட்டும்.